பேப்பர் ஒட்டிய ஜன்னலும் பீரோவில் தூங்கும் சேலையும்

பெரம்பலூரில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது. வீட்டுக்காரர் கதவைத் திறந்து காட்டுவார். உள்ளே இருட்டாக இருக்கும். ஜன்னல் இருக்கிறதே என்று பார்த்தால், கண்ணாடி முழுக்கச் செய்தித்தாள் ஒட்டியிருக்கும். முன்பு குடியிருந்தவர்கள் மைதாப் பசை காய்ச்சி ஒட்டியது. பழைய தேர்தல் செய்தி, நகைக்கடை விளம்பரம், மஞ்சளாகிப் போன சினிமா பக்கம்... ஒட்டிய பிறகு அந்த ஜன்னலை யாரும் திறப்பதில்லை. திறந்தால் ஒட்டியதற்கே அர்த்தம் இல்லையே! பகலிலும் லைட் எரிய வேண்டும், சித்திரை மாதத்திலும் காற்று வராது. அரியலூரிலும் இதே கதைதான். அங்கே ஜன்னலை மூடி வைக்கக் கூடுதலாக ஒரு காரணம் உண்டு, அது சிமெண்ட் லாரி கிளப்பும் தூசி.

இத்தனைக்கும் காரணம் ஒரு துண்டுத் துணி இல்லாததுதான். திரைச்சீலை என்று எழுதினால் ஏதோ நாடக மேடை ஞாபகம் வருகிறது, நம் பக்கம் பேச்சில் அது ஸ்கிரீன். "ஸ்கிரீன் போடலாமே?" என்று கேட்டுப் பாருங்கள். "துணி எடுக்கணும், அளவு குடுக்கணும், தைக்கணும், ராடு வாங்கணும், ஆணி அடிக்க வீட்டுக்காரர் விட மாட்டார், தீபாவளிக்குப் பார்த்துக்கலாம்" என்று வரிசையாகப் பதில் வரும். அந்தத் தீபாவளி வராது, பேப்பர் மட்டும் இன்னும் மஞ்சளாகும்.

ஸ்கிரீனை அலங்காரச் சாமான் பட்டியலில் வைத்ததுதான் முதல் தப்பு. பணம் வந்தால் சோபா, டீப்பாய், ஷோகேஸ், அதற்குப் பிறகு ஸ்கிரீன் என்று ஒரு வரிசை நம் மனதில் இருக்கிறது. ஆனால் வீட்டில் ஒரு பெண் நிம்மதியாக உடை மாற்றுவதும், பச்சைக் குழந்தைக்காரி உட்கார்ந்து பால் கொடுப்பதும், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை தலை நிமிராமல் படிப்பதும் இந்தத் துணியை நம்பித்தான் இருக்கிறது. சோபா இல்லாமல் பாயில் உட்காரலாம். தெருவில் போகிறவன் பார்வை விழும் ஜன்னலுக்குக் கீழே எப்படி உட்காருவது?

இது ஏதோ பெரிய வீட்டுக்காரர் பிரச்சினை இல்லை. 2016-இல் வந்த பிரதமர் ஊரக வீட்டுத் திட்டத்தில் வீட்டின் குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 270 சதுர அடி. 2024-இல் தமிழ்நாடு அரசு அறிவித்த கலைஞர் கனவு இல்லம் 360 சதுர அடி. இரண்டுமே குடிசையில் இருந்தவர்களுக்குப் பெரிய விஷயம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த அளவுக்குள் மாமனார், மாமியார், கணவன், மனைவி, பத்தாவது படிக்கும் மகள் என்று ஐந்து பேர் இருந்தால் அறை எங்கே இருக்கிறது? செங்கல்லையும் சிமெண்டையும் பற்றிக் கணக்குப் போட்ட யாரும், நடுவில் தொங்க வேண்டிய துணியைப் பற்றிக் கணக்குப் போடவில்லை. அந்தத் துணி தொங்கினால் ஒரு அறை இரண்டு அறை ஆகிறது. சுவர் எழுப்பிச் செய்ய வேண்டிய வேலையைக் கயிறும் சேலையும் செய்துவிடுகின்றன. இதற்குமேல் மலிவான கட்டுமானம் உலகத்தில் இருக்கிறதா தெரியவில்லை!

சரி, விஷயத்துக்கு வருவோம். தைக்காமல் ஸ்கிரீன் போட முடியுமா? தாராளமாக முடியும். அதற்கான துணி ஏற்கனவே வீட்டு பீரோவில் இருக்கிறது.

சேலை என்பதே தையல் இல்லாமல் முழுமையான துணி. வேட்டியும் துண்டும் அப்படித்தான். ஜெயங்கொண்டம் பக்கத்தில் தறி நெய்பவர்களைக் கேட்டால் விளக்குவார்கள். ஊடை நூல் ஒரு கரைக்குப் போய் அங்கேயே திரும்பி மறு கரைக்கு வருகிறது. அதனால் நீளவாட்டில் இரண்டு ஓரமும் பிரியாது, மடித்து அடிக்க வேண்டியதில்லை. தையல்காரர் ஸ்கிரீனுக்குச் செய்யும் வேலையில் பெரும்பகுதி ஓரம் அடிப்பதுதான். அந்த வேலையைத் தறி முன்பே முடித்துவிட்டது. முடித்த வேலைக்கு எதற்கு இன்னொரு தடவை கூலி?

காமர்ஸ் படிப்பவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், பீரோவில் தூங்கும் சேலை ஒரு மூழ்கிய செலவு. எப்போதோ செய்த செலவு, இனி அது திரும்பாது. அந்தச் சேலையை இப்போது ஜன்னலில் கட்டினால் புதிதாக ஆகும் செலவு ராடுக்கும் ஊக்குக்கும் மட்டும்தான். கடையில் வளையம் வைத்த ரெடிமேட் ஸ்கிரீன் எடுத்தால் துணி விலை, தையல் கூலி, வளையம், கடைக்காரர் லாபம் எல்லாம் ஒரே பில்லில் வந்துவிடுகிறது. கரூரில் நெய்து தைத்து வெளிநாட்டுக்குப் போகும் ஸ்கிரீனும் மேஜை விரிப்பும் நல்ல சரக்குதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் 3 அடிக்கு 4 அடி ஜன்னலுக்கு அது தேவையா என்பதுதான் கேள்வி.

இப்போது அளவு. சாதாரணச் சேலை ரவிக்கைத் துணி நீங்கலாக ஐந்தரை மீட்டர், அதாவது 18 அடி. அகலம் 45 அங்குலத்தை ஒட்டி இருக்கும். நம் பக்கத்து வீடுகளில் பரவலாக இருக்கும் ஜன்னல் 3 அடி அகலம், 4 அடி உயரம். சேலையை நாலாக வெட்டினால் ஒவ்வொன்றும் நாலரை அடி. 4 அடி ஜன்னலுக்குப் போக 6 அங்குலம் மேலேயும் கீழேயும் மடிக்க மிஞ்சுகிறது. ஒரு ஜன்னலுக்கு இரண்டு துண்டு போட்டால் மொத்த அகலம் 90 அங்குலம், ஜன்னல் அகலமோ 36 அங்குலம். இரண்டரை மடங்கு! ஸ்கிரீன் கொசுவம் கொசுவமாக விழ இரண்டு மடங்கு இருந்தாலே போதும். ஆக ஒரு சேலைக்கு இரண்டு ஜன்னல்.

வெட்டிய இடத்தில் மட்டும்தான் நூல் பிரியும். மேல் ஓரம் ராடைச் சுற்றி மடிந்து பின்பக்கம் போய்விடும், யார் கண்ணிலும் படாது. கீழ் ஓரத்துக்கு இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் நாடா தையல் சாமான் கடைகளில் கிடைக்கிறது. சட்டை காலருக்குள் வைத்து ஒட்டுகிறார்களே, அதே தத்துவம். மடிப்புக்குள் நாடாவை வைத்து, மேலே ஈரத் துணி போட்டு அழுத்தினால் ஒட்டிவிடும். பருத்திக்கு நன்றாகப் பிடிக்கும். பாலியஸ்டர் சேலையில் சூட்டைக் குறைத்து, முதலில் ஒரு மூலையில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் துணி சுருங்கி இஸ்திரிப் பெட்டியில் ஒட்டிக்கொள்ளும். புதிதாகக் காடாத் துணி வாங்கிப் போடுகிறவர்கள் வெட்டுவதற்கு முன்பே ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட வேண்டும். இதைச் செய்யாமல் வெட்டினால் முதல் சலவையில் ஸ்கிரீன் ஜன்னலுக்கு மேலே ஏறிவிடும், பிறகு வருந்திப் பயனில்லை.

கதவுக்கு வெட்டவே வேண்டாம். சேலையை நடுவில் இரண்டாக மடித்தால் 9 அடி. மடிப்பு கீழே வரும்படி பிடித்து, 7 அடி முன்பக்கம் தொங்க, மிச்சம் 2 அடியைக் கொடியில் வேட்டி போடுவது போல ராடுக்குப் பின்னால் தள்ளிவிட வேண்டும். ராடை ஒட்டிக் கீழே நாலைந்து ஊக்கு குத்தினால் முடிந்தது வேலை. இரண்டு அடுக்குத் துணி என்பதால் உள்ளே லைட் எரிந்தாலும் வெளியே நிழல் அவ்வளவாகத் தெரியாது. முந்தானையும் சேலை முனைகளும் பின்பக்கம் போய்விடுவதால் முன்னால் பார்த்தால் பிசிர் ஒன்றுகூட இல்லை. அறையை இரண்டாகப் பிரிக்கவும் இதே முறைதான். 10 அடி அகலமுள்ள அறைக்கு இப்படி 3 சேலை பக்கத்தில் பக்கத்தில் தொங்கினால் போதும். நைலான் கயிறு நாளாக நாளாகத் தொய்யும், அதற்குப் பதில் துணி காயப்போடும் கம்பி கட்டுவது நல்லது.

பையன்கள் தங்கும் ரூமுக்கு இதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு. மூட்டிய கைலி! அது ஏற்கனவே குழாய் மாதிரி இருக்கிறது. அதற்குள் ராடைச் செருகி மாட்டினால் ஊக்குகூட வேண்டாம், இரண்டு அடுக்கு ஸ்கிரீன் தயார். உயரம் ஏறக்குறைய ஒரு மீட்டர் வரும், சின்ன ஜன்னலுக்குச் சரியாக இருக்கும். ஜன்னலில் கைலியா என்று சிரிப்பவர்கள், அந்த ரூமில் கொடியில் தொங்குவதை எல்லாம் பார்த்தால் சிரிக்க மாட்டார்கள் :-)

ராடு விஷயத்தில்தான் வாடகைக்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். சுவரில் ஆணி அடித்தால் அட்வான்ஸில் பிடித்தம் என்று சொல்லும் வீட்டுக்காரர்கள் எல்லா ஊரிலும் உண்டு. நல்லவேளையாக நம் ஜன்னல்களில் கம்பி இருக்கிறது. மேல் கம்பியின் இரு முனையிலும் சணலால் ஒரு மூங்கில் குச்சியைக் கட்டிவிடலாம். வயரிங்குக்குப் போடும் பிவிசி பைப் 3 மீட்டர் நீளத்தில் வருகிறது, அறுத்தால் 3 அடி ஜன்னல் மூன்றுக்கு ஆகும். அதைவிட அகலமான ஜன்னலுக்குப் போட்டால் வெயிலில் நடுவில் வளையும், அங்கே இரும்பு பைப்தான் சரி. மரச்சட்டம் உள்ள ஜன்னல் என்றால் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் உறை போட்ட ஸ்பிரிங் போதும். ஜன்னல் அகலத்தைவிட ஓரிரு அங்குலம் குறைவாக வெட்டி இழுத்து மாட்டினால்தான் விறைப்பாக நிற்கும். சரியான அளவுக்கு வெட்டினால் துணி பாரத்தில் நடுவில் தொங்கிவிடும்.

அரியலூருக்கு இந்தத் தையல் இல்லாத ஸ்கிரீன் இன்னொரு வகையில் பொருத்தம். சுண்ணாம்புக்கல் பூமி அது. அரசு சிமெண்ட் ஆலை 1979-இல் வந்தது, பிறகு தனியார் ஆலைகள் வரிசையாக வந்தன. சாலையோரத்து வீட்டில் திண்ணையைக் காலையில் துடைத்தால் மாலையில் விரலால் பெயர் எழுதலாம். இப்படிப்பட்ட இடத்தில் கனமான, மடிப்பு மடிப்பான, உள்ளே வேறு துணி கொடுத்துத் தைத்த ஸ்கிரீன் போட்டால் அது தூசியைச் சேர்த்து வைக்கும் பண்டகசாலை. அதைத் துவைக்க வாளி போதாது, காய ஒரு நாள் போதாது. கடைசியில் துவைக்காமலே விட்டுவிடுவார்கள். வாராவாரம் உருவி அலசி, ஒரு மணி நேரத்தில் காயவைத்துத் திரும்ப மாட்டக்கூடிய மெல்லிய சேலைதான் அந்த ஊருக்கு ஏற்றது. மலிவு என்பதற்காக மட்டும் சொல்வதில்லை, பணம் இருந்தாலும் அதுதான் சரி.

பழைய சேலையைக் கட்டினால் கேவலம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை பெரம்பலூரைச் சுற்றி வர வேண்டும். மக்காச்சோளக் காட்டைச் சுற்றிப் பச்சை, ஊதா, ரோஸ் என்று சேலையாகக் கட்டியிருக்கிறார்கள், மானும் பன்றியும் உள்ளே வராமல் இருக்க. விளைந்த கதிருக்குச் சேலை காவல் நிற்கலாம், வீட்டு ஜன்னலுக்கு நின்றால் மட்டும் மானம் போய்விடுமா? 1983-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய பொங்கல் இலவச வேட்டி சேலைத் திட்டத்தில் வந்த சேலைகளை எத்தனை பேர் கட்டினார்கள், எத்தனை பேர் தொட்டிலாகவும் நெல் மூட்டைக்கு மேல் மூடியாகவும் பயன்படுத்தினார்கள் என்பது ஊருக்கே தெரியும். அதெல்லாம் நல்ல பயன்தான். தானியத்துக்கும் குழந்தைக்கும் ஆன துணி ஜன்னலுக்கு ஆகாதா என்ன?

இன்னொரு வேடிக்கை. தமிழ்நாட்டில் பருத்திக்குப் பேர் போன மாவட்டங்களில் பெரம்பலூரும் ஒன்று. இங்கே விளையும் பருத்தி மூட்டை மூட்டையாக வெளியூர் போகிறது. இங்குள்ள கடைகளில் ஸ்கிரீன் கேட்டால் பெரும்பாலும் பாலியஸ்டர்தான் எடுத்துப் போடுகிறார்கள்.

தையல்காரர்கள் பிழைப்பு என்ன ஆவது என்று ஒரு கேள்வி வரலாம், நியாயமான கேள்விதான். ஆனால் ரவிக்கையும் சுடிதாரும் குவிந்திருக்கும் கடையில் ஸ்கிரீன் தைக்கக் கொடுத்துப் பாருங்கள். "பண்டிகை முடியட்டும்மா" என்பார்கள். மீட்டர் கணக்கில் நேர்த் தையல், இடத்தை அடைக்கும் துணி, கூலியோ குறைவு. அவர்களே அவ்வளவாக விரும்பாத வேலை அது. ஸ்கிரீன் இல்லாத வீடு இன்றைக்குப் பேப்பர்தான் ஒட்டுகிறது, தையல்காரரிடம் போவதில்லை. ஆகவே இதனால் அவருக்கு நட்டம் ஒன்றும் இல்லை.

தைக்காத ஸ்கிரீனில் குறையே இல்லை என்று சொன்னால் அது பொய். மலிவான ஊக்கு மழைக்காலத்தில் துருப்பிடித்துத் துணியில் காவிக் கறை விடும், பிறகு அது போகாது. ஒட்டிய நாடா பல தடவை துவைத்தால் அங்கங்கே விட்டுவிடும், திரும்ப இஸ்திரி போட வேண்டும். துணிப் பசை போட்டால் அந்த இடம் அட்டை மாதிரி விறைக்கும். பட்டுச் சேலையை ஜன்னலில் கட்டவே கூடாது, வெயில் பட்டால் பட்டு நூல் இற்றுப்போகும், சரிகை கருத்துவிடும். எல்லாவற்றையும்விட முக்கியம், அடுப்படி. கேஸ் அடுப்புக்கு மேலே இருக்கும் ஜன்னலில் பறக்கிற துணி எதுவுமே வேண்டாம். அதிலும் சிந்தெடிக் சேலை தீப்பிடித்தால் உருகி உடம்பில் ஒட்டிக்கொள்ளும். அங்கே கண்ணாடிக்கு மட்டும் பேப்பர் ஒட்டினால்கூடத் தப்பில்லை. சாமி விளக்கும் கொசுவர்த்தியும் வைக்கிற இடத்துக்குப் பக்கத்திலும் இதே எச்சரிக்கைதான். குழந்தை இருக்கும் வீட்டில் ஸ்கிரீன் கட்டிய கயிற்றின் மிச்சம் கீழே தொங்காமல் அறுத்துவிட வேண்டும்.

இதற்கிடையில் ஒரு சின்னத் தகவல். ஜன்னலுக்கு ஒரு பக்கமாக இழுக்கும் ஸ்கிரீனா, நடுவில் பிரிந்து இரண்டு பக்கமும் போகும் ஸ்கிரீனா, மேலே சுருட்டும் ஸ்கிரீனா என்று இப்போது கடையில் கேட்கிறார்கள் அல்லவா? சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய அரங்கில் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று வகைத் திரை இருந்தது. ஒன்று ஒரு பக்கமாக வருவது, ஒன்று இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேர்வது, ஒன்று மேலேயிருந்து இறங்குவது. ஆக ஸ்கிரீன் என்பது நமக்கு நேற்று வந்த நாகரிகம் இல்லை.

கத்திரிக்கோல் எடுக்கத் தயங்கும் வீடுகளும் உண்டு. பாட்டி கட்டிய சுங்குடிச் சேலை, அம்மா முதல் சம்பளத்தில் எடுத்த வாயில் சேலை... அதைக் கட்டவும் ஆள் இல்லை, வெட்டவும் மனம் வராது, பீரோவில் நாப்தலீன் உருண்டையோடு கிடந்து மடிப்பிலேயே கிழிகிறது. தையல் இல்லாத முறையின் பெரிய லாபம் இங்கேதான். கதவுக்குச் சொன்ன மாதிரி மடித்துத் தொங்கவிட்டால் அந்தச் சேலையில் வெட்டு இல்லை, தையல் ஓட்டை இல்லை. ஊக்குக்குப் பதில் துணி கிளிப் போட்டால் ஊசித் துளைகூட இல்லை. என்றைக்காவது பேத்தி கேட்டால் உருவி, துவைத்து, இஸ்திரி போட்டுக் கொடுக்கலாம், அது மறுபடி சேலைதான். தைத்துவிட்ட ஸ்கிரீன் அப்படித் திரும்பி வராது. வெயில் நேராக அடிக்காத உள் கதவில் போட்டால் சாயமும் அவ்வளவு சீக்கிரம் போகாது.

ஆடி மாதம் காற்று ஆரம்பித்தால் மெல்லிய சேலை ஜன்னலில் நிற்காது, பட்டம் மாதிரி பறந்து முகத்தில் அடிக்கும். அதற்கு ஜன்னல் ஸ்கிரீனின் கீழ் மூலைகளில் ஒரு ரூபாய் காசையோ சின்னக் கூழாங்கல்லையோ வைத்து நூலால் முடிந்துவிட்டால் போதும், அடங்கி நிற்கும். அரியலூர்க்காரர்கள் மட்டும் காட்டில் கிடைக்கிற கிளிஞ்சல் கல்லை எடுத்துக் கட்டிவிடாதீர்கள். அது கடல் இருந்த காலத்துப் பல கோடி வருஷத்துச் சரக்கு, இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.